இழுத்து வரும் வாக்கியம்: ஓர் இளம் டெக்னிகல் ரைட்டருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ முதலில் கேட்டிருந்தது சின்னக் கேள்வி. எடிட்டரில் திறந்தால் எச்சரிக்கை முழுதாகத் தெரிகிறது, பிடிஎஃப் எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கிறது, ஏன்? இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். உன் எடிட்டர் ஒரு ரூட் மேப்பை, அதாவது மேனுவலின் பாகங்களை அடுக்கித் தரும் தலைமை ஃபைலை, வைத்துக்கொண்டு கீகளைத் தேடியிருக்கிறது. பில்ட் வேறொரு மேப்பை வைத்துத் தேடியிருக்கிறது. அந்த மேப்பில் நீ பயன்படுத்திய கீ வரையறுக்கப்படவே இல்லை. மேப்பில் அதைச் சேர், எச்சரிக்கை வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீ இந்தத் தொழிலில் இருக்கும்வரை இதே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டே இருக்கும். உன்னைப் போலப் புதிதாக வருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலி இடத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று பார். நீ எழுதுவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்கான மேனுவல். கோயம்புத்தூரில் ஒரு மில்லிலோ ஒரு பம்பு நிலையத்திலோ எலக்ட்ரீஷியன் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். 415 வோல்ட் மும்முனை மின்சாரம் அந்தப் பெட்டிக்குள் போய் டிசியாக மாறுகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 560 முதல் 590 வோல்ட் வரை தங்கி நிற்கிறது. மெயின் சுவிட்சை அணைத்தவுடன் அது இறங்கிவிடாது. டிஸ்ப்ளே அணைந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், ஆனாலும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கும். ஆகவே மூடியைத் திறப்பதற்கு முன் இத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதுகிறோம். சிறிய டிரைவுக்குச் சில நிமிடம், பெரிய டிரைவுக்குக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ. உன் பிடிஎஃப்பில் இல்லாமல் போனது அந்த வாக்கியம். லாகில் ஒரு எரர் வரி என்று நீ அதைப் பார்க்கிறாய். மூடியைத் திறக்கப்போகிறவரின் பக்கம் நின்று பார்.

அப்படியானால் ஒவ்வொரு மேனுவலிலும் எச்சரிக்கையை நேரடியாகவே எழுதிவிடலாமே என்று உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றுவது நியாயம். ஆனால் சோதனைக்கூடத்திலிருந்து காத்திருப்பு நேரத்தை மாற்றச் சொல்லும் நாள் வரும். அன்று எத்தனை ஃபைலில் அந்த வாக்கியம் ஒட்டப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேடிப் பார்த்துத் திருத்துவோம். யாரோ ஒருவர் எப்போதோ கொஞ்சம் வேறு சொற்களில் எழுதிவைத்த ஒன்று தேடலில் சிக்காமல் பழைய எண்ணோடு தங்கிவிடும். ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டிய இடங்களுக்கு இழுத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அதனால்தான் இவ்வளவு காலமாக இருக்கிறது. ஹைப்பர்டெக்ஸ்ட் முன்னோடி டெட் நெல்சன் அதற்கு டிரான்ஸ்க்ளூஷன் என்று பெயர் வைத்தார். 1986-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த எஸ்ஜிஎம்எல் என்ற மார்க்அப் மொழியிலேயே கான்ரெஃப் என்று ஒரு வகை ஆட்ரிப்யூட் உண்டு: அதற்கு மதிப்புக் கொடுத்தால் எலமென்ட் வெறுமையாக இருக்க வேண்டும், உள்ளடக்கம் வேறெங்கிருந்தோ வரும். ஐபிஎம் 2001-இல் வெளியிட்ட டிட்டா என்ற எக்ஸ்எம்எல் எழுத்துமுறை, 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமானது. நீயும் நானும் இன்று பயன்படுத்துவது அதன் கான்ரெஃப்பைத்தான்.

கான்ரெஃப்புக்கு முகவரி எழுதும் முறையில் ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஃபைல் பெயர், ஹாஷ் குறி, டாபிக்கின் ஐடி, சாய்கோடு, பிறகுதான் எலமென்ட்டின் ஐடி. நடுவில் டாபிக்கின் ஐடியை விட்டுவிட்டு நேராக எலமென்ட் ஐடியை எழுதினால் கிடைக்காது. ஒரே டாபிக்கில் ஒரே ஐடி இரண்டு எலமென்ட்டுக்கு இருந்தால், பில்ட் எடுக்கும் டிட்டா ஓப்பன் டூல்கிட் முதலில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஒரு வார்னிங்கோடு நகர்ந்துவிடும். பில்ட் வெற்றி என்று வந்தாலும் அந்த வார்னிங் வரிகளைப் படிக்காமல் விடாதே.

இந்த நேரடி முகவரியில் ஃபைலின் பெயர் நிரந்தரமாகக் கட்டப்பட்டுவிடுகிறது. ஃபைல் நகர்ந்தால் உறவு அறுந்துவிடும். 2010-இல் வந்த டிட்டா 1.2 இதற்காகத்தான் கீகளைக் கொண்டுவந்தது. கான்கீரெஃப்பில் நீ ஃபைலின் பெயரை எழுதுவதில்லை, ஒரு கீயின் பெயரை எழுதுகிறாய். அந்தக் கீ எந்த ஃபைலைக் குறிக்கிறது என்று மேப் சொல்லும். உன் கேள்விக்கான பதிலின் வேர் இங்கேதான் இருக்கிறது: கீக்குத் தனியாகப் பொருள் கிடையாது, ஒரு மேப்புக்குள் மட்டுமே பொருள் உண்டு. ரூட் மேப் எது என்று சொல்லாமல் எடிட்டரில் பார்த்த எதையும் நம்பாதே. கான்கீரெஃப்போடு கான்ரெஃப்பையும் சேர்த்து எழுதினால், கீ கிடைக்காதபோது டூல்கிட் அந்தக் கான்ரெஃப்பை எடுத்துக்கொள்ளும். சிலர் இதைப் பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பு எச்சரிக்கைகளில் நான் அதைச் செய்ய மாட்டேன். தவறான மாடலுக்குரிய எச்சரிக்கை வந்து நிற்பதைவிட பில்டில் எரர் வருவது மேல். எரர் வந்தால் யாராவது பார்ப்பார்கள்.

இனிச் சொல்வதை நிதானமாகப் படி. இழுத்து வரும் வாக்கியத்துக்குள்ளேயே இன்னொரு குறிப்பு இருந்தால் என்ன ஆகும்? எச்சரிக்கைக்குள் வேறொரு பக்கத்துக்கு ஒரு இணைப்பு இருக்கலாம், நிமிட எண்ணைத் தரும் ஒரு கீ இருக்கலாம். அவை எந்த இடத்தை வைத்துத் தீர்க்கப்படும்: எழுதி வைத்த இடத்தையா, இழுத்துக்கொண்ட இடத்தையா? 2015-இல் வந்த டிட்டா 1.3 இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. ஃபைல் பெயரோடு எழுதிய நேரடி முகவரி, முதலில் எழுதி வைத்த ஃபைலை வைத்துத் தீர்க்கப்படும். அதே டாபிக்குக்குள் என்று புள்ளி வைத்து எழுதிய முகவரி, இழுத்துக்கொண்ட டாபிக்கை வைத்துத் தீர்க்கப்படும். கீயாக எழுதியதும் அப்படியே, இழுத்துக்கொண்ட இடத்தை வைத்துத்தான்.

மூன்றாவதைப் பற்றிக்கொள். டிரைவ் எச்சரிக்கை ஒன்றுதான். அதன் நடுவே நிமிடம் மட்டும் ஒரு கீ. சிறிய டிரைவின் மேப்பில் அந்தக் கீக்கு 5 நிமிடம், பெரியதன் மேப்பில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வாக்கியத்தின் சொற்கள் ஒரே இடத்தில் இருந்து வருகின்றன, எண் அந்தந்த மேனுவலில் இருந்து வருகிறது. சட்டப் பிரிவும் பாதுகாப்புக் குழுவும் வாக்கியத்தை ஒருமுறை பார்த்து ஒப்புதல் கொடுக்கலாம், அந்தந்த மாடலின் இன்ஜினியர் தன் எண்ணுக்கு மட்டும் பொறுப்பேற்கலாம். இந்த ஏற்பாட்டை முதன்முதலில் முழுதாகப் புரிந்துகொண்டபோது எனக்கு இந்தத் தொழிலின் மேல் உண்மையான மரியாதை வந்தது. யாரோ நிறைய யோசித்து, எது பொது, எது தனி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இதே ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டு டிரைவுகளையும் ஒரே மேனுவலில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று வை. டிட்டா 1.3-இல் கீஸ்கோப், அதாவது மேப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் கீகளை வரையறுக்கும் வசதி, உண்டு. சிறியதற்கு ஒரு ஸ்கோப், பெரியதற்கு ஒரு ஸ்கோப், இரண்டிலும் அதே பெயரில் நிமிடக் கீ, வேறு வேறு மதிப்பு. சரியாக வேலை செய்யும். பிறகு வேறொருவர் நல்லெண்ணத்தோடு, இருக்கட்டும் ஒரு டிஃபால்ட் என்று ரூட் மேப்பிலும் அதே கீயை 5 நிமிடம் என்று எழுதிவிடுகிறார். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு, உள்ளே இருக்கும் மதிப்புத்தான் வெளியே இருப்பதை மறைக்கும் என்பது பழக்கம். டிட்டாவில் நேர் எதிர். மேல் ஸ்கோப்பில் இருப்பதுதான் கீழே இருப்பதை வெல்லும். ஸ்கோப் இல்லாத மேப்புகளிலும் மேலே இருக்கும் மேப்பின் வரையறைதான் முந்தும், ஒரே மட்டத்தில் என்றால் முதலில் வருவது. ஆக, அந்த ஒரு வரியால் பெரிய டிரைவின் எச்சரிக்கையும் 5 நிமிடம் என்று அச்சாகும். எரர் வராது. எல்லாக் குறிப்பும் தீர்ந்துவிட்டது, எந்த இடமும் காலியாக இல்லை, பிடிஎஃப் அழகாக இருக்கிறது. உனக்கு இன்று வந்த காலி இடம் இதைவிட எவ்வளவோ மேல். பாதுகாப்பு சம்பந்தமான கீகளுக்கு டிஃபால்ட் வைக்கக் கூடாது என்பதை உன் குழுவின் விதியாகவே எழுதி வை.

இதே போலக் கண்ணில் படாமல் போகக்கூடிய இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கான்ரெஃப் இழுத்து வருவது சொற்களை மட்டுமில்லை, எழுதி வைத்த எலமென்ட்டின் ஆட்ரிப்யூட்களையும் சேர்த்துத்தான், ஐடியைத் தவிர. இழுக்கும் இடத்தில் நீ அதே ஆட்ரிப்யூட்டுக்கு ஒரு மதிப்பு எழுதியிருந்தால் உன்னுடையது வெல்லும். நோட் எலமென்ட்டைச் சேர்க்கும்போது உன் டெம்ப்ளேட் தானாகவே அதன் வகையைச் சாதாரணக் குறிப்பு என்று போட்டுவிடுகிறது என்று வை. அதன்மேல் கான்ரெஃப் வைத்து எச்சரிக்கையை இழுத்தால், எச்சரிக்கையின் சொற்கள் வரும், ஆனால் சிவப்புப் பட்டையும் அபாயக் குறியும் வராது. வெறும் குறிப்பாக ஓரத்தில் நிற்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும். எழுதி வைத்த எச்சரிக்கையில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்புக்கு மட்டும் என்ற வடிகட்டி ஆட்ரிப்யூட் இருந்தால், நீ ஒன்றும் எழுதாதபோது அதுவும் கூடவே வந்துவிடும். உன் மேனுவலின் வடிகட்டி அந்தத் தயாரிப்பை விலக்கினால் எச்சரிக்கை பிடிஎஃப்பிலிருந்து மறைந்துபோகும். பொதுவில் வைக்கும் எச்சரிக்கைகளில் தயாரிப்பு வடிகட்டிகள் இருக்கவே கூடாது என்பது என் கருத்து. எந்த மேனுவலுக்கு வேண்டும் என்பதை இழுப்பவர் முடிவு செய்யட்டும்.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே மாதிரி வாக்கியங்களை எல்லாம் ஒரு டூல் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது, அத்தனையையும் கான்ரெஃப்பாக மாற்றச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். செய்யாதே. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவதில் முதன்மையானது இதுதான். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வாக்கியங்கள் ஒரே மாதிரி இருந்தாக வேண்டியவையா, தற்செயலாக அப்படி இருப்பவையா என்று அந்த டூலுக்குத் தெரியாது. கெப்பாசிட்டர் எச்சரிக்கை எல்லா மேனுவலிலும் ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒன்றில் மாறினால் எல்லாவற்றிலும் மாற வேண்டும், மாற்றச் சொல்லும் காரணமும் ஒன்றே. ஆனால் ‘நான்கு திருகுகளைக் கழற்றி மூடியை எடுக்கவும்’ என்ற வாக்கியம் இரண்டு மாடல்களுக்கும் இன்று பொருந்துவது தற்செயல்தான். அடுத்த ஆண்டு ஒன்றின் மூடி கிளிப்பாக மாறும். அன்று அந்த மாடலின் எழுத்தாளர் தன் வாக்கியத்தைத் திருத்துவார். அது மற்ற மாடலின் மேனுவலிலும் போய் இல்லாத கிளிப்பைத் தேடச் சொல்லும். இல்லையென்றால், இதைத் தொட்டால் எங்கெங்கே உடையுமோ என்ற பயத்தில் யாரும் எதையும் திருத்தாமல் விட்டுவிடுவார்கள். இரண்டாவது நிலைதான் பல இடங்களில் நடப்பது. கான்ரெஃப்கள் பின்னிப் பிணைந்த தொகுப்பில் எழுத்தாளர்கள் மெல்ல மெல்லப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஆகவே பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேள்: இது மாறினால், யார் சொல்லி மாறும்? இரண்டு இடத்துக்கும் விடை ஒரே ஆள், ஒரே காரணம் என்றால் இணை. விடை வேறு வேறு ஆட்கள் என்றால் அப்படியே விடு. நகல் இருந்துவிட்டுப் போகட்டும். நகல் குற்றமில்லை. நாற்பது சதவிகிதம் மறுபயன்பாடு, அறுபது சதவிகிதம் மறுபயன்பாடு என்று டேஷ்போர்டில் காட்டும் எண்ணை உன் வேலையின் தரமாக எடுத்துக்கொள்ளாதே.

எவ்வளவு சிறிய துண்டை இழுக்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். முழு எச்சரிக்கை, முழுப் படிநிலை, முழு வாக்கியம் ஆகியவற்றை இழுக்கலாம். வாக்கியத்துக்கு நடுவில் ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் இழுக்காதே. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் தப்பித்துவிடும். உன் மேனுவல் தமிழுக்கும் தெலுங்குக்கும் ஃபின்னிஷுக்கும் போகும்போது தப்பாது. கீ ‘கன்ட்ரோலர்’ என்று தருகிறது. வாக்கியத்துக்கு வேண்டியதோ ஓரிடத்தில் ‘கன்ட்ரோலரை’, இன்னோரிடத்தில் ‘கன்ட்ரோலருக்கு’, வேறோரிடத்தில் ‘கன்ட்ரோலரிலிருந்து’. வேற்றுமை உருபு ஒட்ட முடியாமல் தனியாகத் தொங்கும். மொழிபெயர்ப்பாளருக்கு வாக்கியம் ஓட்டையோடு போய்ச் சேரும், அவர் குறை சொல்லாமல் எதையோ எழுதி அனுப்பிவிடுவார். மாடல் எண் போல உருபு ஏற்காமல் எழுதக்கூடியவற்றைக் கீயாக வை. மற்றவற்றை வாக்கியமாகவே எழுது. நிமிடக் கீயும் இதற்கு விலக்கில்லை: எண்ணும் அலகும் சேர்ந்து உருபு இல்லாமல் நிற்கும்படி ‘காத்திருக்க வேண்டிய நேரம்: 15 நிமிடம்’ என்று வாக்கியத்தை அமைத்துவிடு. இன்னொன்று, பொது வாக்கியங்கள் இருக்கும் ஃபைலையும் மொழிபெயர்ப்புக்கு அனுப்ப மறக்காதே. அது எந்த மேனுவலிலும் தனிப் பக்கமாக வருவதில்லை. அதனாலேயே பொட்டலத்தில் விடுபட்டுவிடும். தமிழ் மேனுவலின் நடுவே எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் வந்து நிற்பதை நீயும் பார்த்திருப்பாய்.

கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் இதில் சில பாரங்களைத் தன் தோளில் எடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயருக்குப் பதிலாக மாறாத அடையாள எண் கொடுக்கும், ஃபோல்டரை நகர்த்தினாலும் உறவு அறாது. ஒரு வாக்கியம் எங்கெங்கே இழுக்கப்படுகிறது என்ற பட்டியலைத் தரும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பொது ஃபைலில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாதே. ஆனால் எந்தப் பதிப்பை இழுப்பது என்பதை சிஸ்டம் உனக்காக முடிவு செய்யாது. எப்போதும் புதியதையே இழுக்கும்படி விட்டால், சென்ற ஆண்டு விற்ற டிரைவுக்கான மேனுவலை மறுபடி அச்சிடும்போது இந்த ஆண்டு டிரைவுக்கான எச்சரிக்கை அதில் போய் உட்காரும். பழைய வெளியீட்டை பேஸ்லைன் போட்டுப் பூட்டி வை. பூட்டிய பிறகு பாதுகாப்புக் குழு எச்சரிக்கையைத் திருத்தினால், பழைய பேஸ்லைன்களில் எவற்றுக்கு அது போக வேண்டும் என்று அவர்களிடமே கையெழுத்து வாங்கு. அது உன் முடிவாகவும் என் முடிவாகவும் இருக்கக் கூடாது.

பொது ஃபைல்களை எப்படி அடுக்குவது என்பதிலும் பலர் தவறான பாதையில் போகிறார்கள். பொதுவானவை என்று ஒரே ஃபைல் தொடங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டுவார்கள். அது யாருடைய பொறுப்பும் இல்லாத ஃபைலாக வளரும். மின் எச்சரிக்கைகள் ஒரு ஃபைல், சட்டக் குறிப்புகள் ஒரு ஃபைல், கருவிகளின் பெயர்கள் ஒரு ஃபைல் என்று, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஒருவரின் பெயரோடு பிரித்து வை. அச்சில் வராதபடி மேப்பில் ரிசோர்ஸ்-ஒன்லி என்று குறித்துவிடு. ஒரு பொது வாக்கியம் இன்னொரு பொது வாக்கியத்தை இழுக்க, அது மூன்றாவதை இழுக்க என்று சங்கிலி போடாதே. ஒரு படிக்கு மேல் போனால், எச்சரிக்கையில் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கே ஒரு பகல் போய்விடும். சங்கிலி சுற்றி வந்து தன்னையே இழுத்தால் டூல்கிட் முடிவில்லாச் சுழல் என்று எரர் தரும். சுற்றாத நீண்ட சங்கிலியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ரிவியூவுக்கு அனுப்பும்போது ஒன்று செய். இன்ஜினியர்கள் தீர்க்கப்பட்ட பிரதியைத்தான் படிக்கிறார்கள், எந்த வாக்கியம் உன்னுடையது, எது வெளியே இருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. வெளியே இருந்து வந்தவற்றின் ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று வரும்படி ரிவியூ பிரதிக்கு மட்டும் ஸ்டைல் போட்டுக் கேள். கோடு போட்ட இடத்தில் அவர்கள் எழுதும் திருத்தத்தை நீ உன் டாபிக்கில் செய்யாமல், அந்த ஃபைலின் பொறுப்பாளருக்கு அனுப்பு. அவர் மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்கி வை.

நாளை பில்ட் எடுப்பதற்கு முன், விடுபட்ட எச்சரிக்கைக் கீயை மேப்பில் சேர்த்துவிடு. இரண்டு டிரைவுகளையும் சேர்த்த மேனுவல் என்றால், அதன் ரூட் மேப்பைத் திறந்து ஸ்கோப்புகளுக்கு வெளியே நிமிடக் கீ வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார். இருந்தால் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினாய் என்று கமென்ட் எழுது. பிறகு பில்ட் எடு. பிடிஎஃப்பில் எச்சரிக்கைகள் வரும் பக்கங்களை மட்டும் காகிதத்தில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த மாடலின் டேட்டாஷீட்டில் இருக்கும் எண்ணைப் பேனாவால் எழுதி ஒப்பிடு. திரையில் ஒப்பிடாதே, கண் சோர்ந்துவிடும். லாக் ஃபைலையும் வார்னிங்குகளை அழிக்காமல் எனக்கு அனுப்பி வை. பெரிய டிரைவின் பக்கங்களை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்